பதினோரு நிமிடப் பாட்டுக்கு உரை

கோத்தகிரிக்குக் கீழே, அரவேணு போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பு முட்டைக்கோஸ் மூட்டை அடுக்கிய இடம். இப்போது சத்தம் வெளியே போகாதபடி உள்சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, ஒரு ட்ரம்ஸ் செட்டும் நான்கு கிட்டாரும் வைத்து, பெர்சிஸ் என்ற அம்மாள் பாடம் நடத்துகிறார். அவரிடம் கற்பவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். டான்ஸ் சொல்லிக்கொடுத்தாலும் கராத்தே சொல்லிக்கொடுத்தாலும் நம் ஊரில் மாஸ்டர்தானே.

அங்கே கற்பிப்பது ப்ரோக்ரெசிவ் மெட்டல். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பாட்டு பத்து நிமிடத்துக்குக் குறையாது. தாளம் ஏழில் தொடங்கும், ஐந்துக்குத் தாவும், ஒன்பதில் கொஞ்ச நேரம் உட்காரும், மறுபடி ஏழுக்கு வரும். பாட்டில் நிலாவும் காதலியும் இருக்க மாட்டார்கள். கிணறு இருக்கும், கண்ணாடி இருக்கும், கீழ்நோக்கி ஏறும் படிக்கட்டு இருக்கும். இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் அர்த்தம் தேடித் தேடியே தலைமுடியை இழப்பார்கள்.

நன்மாறன் முடி இழந்த கட்சி. வயது நாற்பத்தாறு. தோட்டக்கலைத் துறையில் உத்தியோகம். கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த ஒரு வருடமாக மாஸ்டரிடம் பேஸ் கிட்டார் கற்கிறார். மாஸ்டர் அவரைவிட இரண்டு வயது இளையவர்.

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்பவர், முதலில் அந்தப் பாட்டை எண்ணிக்காட்ட வேண்டும். முதல் விநாடி முதல் கடைசி விநாடி வரை, வாய்விட்டு, தொடையில் தட்டி எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் பெரும்பாலோருக்குக் கேள்வியே மறந்துவிடும். மறக்காதவர்களுக்கு மாஸ்டர் பதில் சொல்வார்.

மாறன் இந்த ஒரு வருடத்தில் ஒரு பாட்டுக்கும் பொருள் கேட்டதில்லை. எல்லாப் பொருளும் தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு. சும்மா சொல்லக்கூடாது, இருக்கத்தான் செய்தது. சுருள் கம்பி போட்டு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

ஒரு புதன்கிழமை காலை, சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சுருள் கம்பிப் புத்தகத்தோடு அவர் கொட்டகைக்கு வந்தார். முகம் சரியில்லை.

“மாஸ்டர், இன்னிக்குப் பாடம் வேண்டாங்க. ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேக்கணும்.”

“எந்தப் பாட்டு?”

“நம்ம பாட்டுத்தாங்க. கடைசிப் பாட்டு.”

மாஸ்டர் கிட்டாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

நம்ம பாட்டு என்று மாறன் சொன்னதில் ஒரு பழைய கதை இருக்கிறது.

இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மூன்று பேர் சேர்ந்து ‘இடிதாங்கி’ என்று ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். பாட்டு எழுதிப் பாடியது சேவியோ. ட்ரம்ஸ் மாறன். பேஸ் கிட்டார், இரண்டு வருடம் ஜூனியரான பெர்சிஸ். அன்று ஏழு எண்ணத் தெரியாமல் தடுமாறிய பெர்சிஸுக்கு கேண்டீன் மேஜையில் தட்டைக் கவிழ்த்துத் தட்டி எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் மாறன்தான். காலம் யாரை எங்கே உட்கார வைக்கும் என்று யாருக்குத் தெரியும்.

எவ்வளவு நல்ல காலம் அது! வெளிநாட்டு கேசட் ஒன்று கிடைத்தால் நாற்பது பேர் பதிவு செய்துகொள்வார்கள். பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் எந்தக் கேசட்டிலும் வராது. டேப் ரெக்கார்டரை நிறுத்தி நிறுத்தி, காதை வைத்துக் கேட்டு, கோடு போட்ட நோட்டில் எழுதுவார்கள். பேட்டரி தீர்ந்துபோய் டேப் இழுக்க ஆரம்பித்தால், பாட்டு இன்னும் கனமாக இருக்கிறதே என்று அதற்கும் மயங்குவார்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து அர்த்தம் சொல்வார்கள். அதற்கு ‘உரைக்கூட்டம்’ என்று பெயர். கிணறு என்றால் பிறவி, கண்ணாடி என்றால் மனம், இல்லை மச்சான் கண்ணாடி என்றால் அரசாங்கம் என்று கை நீட்டிச் சண்டை போடுவார்கள். பெர்சிஸ் மட்டும் பேச மாட்டார். டீயைக் குடித்துக்கொண்டே விரலால் மேஜையில் எண்ணுவார்.



கடைசி வருடம் கேசட் போடலாம் என்று முடிவானது. கோவையிலேயே ஒரு ஸ்டூடியோவில் நாள் குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது மாறனின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்பாவுக்குத் தோட்டக்கலைத் துறையில் வேலை. வாரிசு வேலையை மூத்தவன் நீ வாங்கிக்கொள், உடனே வந்து எழுதிக்கொடு என்றார்கள். கீழே இரண்டு தங்கைகள். மாறன் போனார். அதில் தப்பில்லை. ஆனால் சேவியோவிடம் சொல்லவில்லை. சொன்னால் போக முடியாது என்று தெரியும். பக்கத்து அறையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சேவியோவுக்கு விஷயத்தைச் சொன்னது விடுதி வாட்ச்மேன்.

நான்கு மாதம் கழித்து தர்மபுரியில் ஒரு கடையில் அந்தக் கேசட்டைப் பார்த்தார். ட்ரம்ஸுக்குப் பதில் ஒரு மெஷினை வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். கடைசியில் அவர் இருந்தபோது இல்லாத ஒரு புதுப் பாட்டு இருந்தது. பதினோரு நிமிடம். அதன் நடுவில் சேவியோ அடித்தொண்டையில் கத்தினான்.

*ஏணியை எடுத்துப் போனவனே*
*கிணற்றுக்குள் நான் நிற்கிறேன்*
*நீர் என் கழுத்தளவு*
*உன் பெயரைக் குடிக்கிறேன்*

மாறனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு அவர் என்ன செய்தார்? உரை எழுத ஆரம்பித்தார். ஏணி என்பது பகுத்தறிவு, கிணறு என்பது பிரபஞ்சம், எடுத்துப் போனவன் கடவுள் என்று எழுதினார். இணையம் வந்ததும் அதில் போட்டார். அறுபத்துமூன்று பேர் படித்தார்கள். ஒருவர் அதை வைத்துக் கருத்தரங்கில் கட்டுரையே வாசித்தார். ஊருக்கெல்லாம் எடுத்துப் போனவன் கடவுள். மாறனுக்கு மட்டும் அது யார் என்று தெரியும். தெரிந்ததை மறைக்க மறைக்கப் பக்கம் கூடியது.

சேவியோவுக்கு அவர் ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. கோத்தகிரிக்கு வந்து பெர்சிஸைப் பார்த்த பிறகும், அந்தப் பெயர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார். மாஸ்டரும் விட்டுவிடுவார்.

இதுதான் பழைய கதை. இப்போது மாறன் போனை எடுத்து நீட்டினார்.

“பாருங்க மாஸ்டர். நேத்து வந்துச்சு.”

சேவியோவின் செய்தி. ‘ஞாயிறு. வா.’ மாஸ்டர் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கும் வந்திச்சு. மஸ்கட்லேர்ந்து கோவைக்கு வந்துட்டான். தொண்டையில ஆபரேஷன். அடுத்த வாரம். அதுக்கப்புறம் குரல் எப்படி இருக்கும்னு டாக்டருக்கே தெரியாதாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மூணு பேரா வாசிக்கணும்னு கேக்கறான்.”

“எனக்கு அதெல்லாம் எழுதலீங்களே. ரெண்டே வார்த்தை. வா-வுக்கு அப்புறம் முற்றுப்புள்ளி வச்சிருக்கான், பாத்தீங்களா? நேத்திலிருந்து அந்தப் புள்ளியையே பாத்துட்டு இருக்கேன்.”

“அதுக்கும் உரை எழுதியாச்சா?”

“நாலு பக்கம்” என்றார் மாறன், தலையைக் குனிந்துகொண்டு.

மாஸ்டர் சிரிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணுங்க. அந்த ஏணியை எடுத்துட்டுப் போனது நானா, இல்லையா? நான்னா, எந்த மூஞ்சிய வச்சுட்டு அவன் முன்னால போய் நிக்கறது? நான் இல்லைன்னா இன்னிக்கே பஸ் ஏறிருவேன். நீங்க அந்த ஸ்டூடியோவுல இருந்தீங்க. சொல்லுங்க.”

“எண்ணுங்க” என்றார் மாஸ்டர்.

“மாஸ்டர், இது பாடமில்லீங்க. என் வாழ்க்கை.”

“அதான் சொல்றேன். எண்ணுங்க.”

கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டார். மாறன் ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் கை வைத்தார். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழில் தொடங்கிய பாட்டு அவர் வாயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாவது நிமிடம் ஐந்துக்குத் தாவியது, தாவினார். ஒன்பதுக்குப் போனது, போனார். உரை எழுதியவருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மெஷின் ட்ரம்ஸ் உயிரில்லாமல் டப்பு டப்பு என்று கூடவே வந்தது. ஆறாவது நிமிடத்தில் ஏணி வரிகள் வந்தபோது குரல் கொஞ்சம் உடைந்தது. விடாமல் எண்ணினார்.

அந்த வரிகள் முடிந்ததும் பாட்டு சட்டென்று நின்றது. கிட்டார் இல்லை, குரல் இல்லை, மெஷின் இல்லை. மாறனும் எண்ணுவதை நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இங்க ஒண்ணுமில்லீங்க. இது சூனியப் பகுதி. நாப்பத்தெட்டு விநாடி. கடவுள் போனதுக்கு அப்புறம் வர்ற வெறுமை. இதுக்கு மட்டும் பதிமூணு பக்கம் எழுதியிருக்கேன்.”

“பதிமூணு பக்கமா?”

“நல்லா சத்தத்தை ஏத்தி வச்சுக் கேட்டா, அடியில ஒரு தட்டல் கேக்கும். அது மரணத்தோட காலடி. நூத்தி நாப்பதாவது பக்கத்துல...”

“சரி. பின்னாடி தள்ளிப் போடறேன். இதையும் எண்ணுங்க.”

“வெறுமையை எப்படிங்க எண்றது?”

“பாட்டுக்குள்ளதான இருக்கு? எண்ணுங்க.”

ஏணி வரிகள் மறுபடி வந்தன, முடிந்தன. ஓசை நின்றது. மாறன் வேண்டாவெறுப்பாகத் தொடையில் தட்டி எண்ணத் தொடங்கினார். தகிட தகதிமி, ஒன்று. தகிட தகதிமி, இரண்டு. கொட்டகைக்கு மேலே தகரத்தில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டு. ஒன்பது. பன்னிரண்டு.

பதினாறாவது சுற்றில் அவருக்கு ஏதோ உறுத்தியது. வாய் எண்ணிக்கொண்டிருந்தது. கை எண்ணவில்லை. கை வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. இடது கை மெல்ல உருட்ட, வலது கை மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று விட்டு விட்டு விழுந்தது. குனிந்து பார்த்தார். தன் கையையே அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

அது அவருடைய சோலோ, ட்ரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி. விடுதி மெஸ்ஸில் தட்டைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி உண்டாக்கியது. கல்ச்சுரல்ஸ் மேடைகளில் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டது. எப்போது வாசித்தாலும் அதற்கு ஒரே அளவுதான். முப்பது சுற்று ஏறிக்கொண்டே போகும். முப்பத்தோராவதில் எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மூச்சு விடுவார். முப்பத்திரண்டில் ஒரே ஒரு அடி.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. கை தானாக நின்றது. மாறன் மூச்சு விட்டார். கை தொடையில் ஓங்கி ஒரு தடவை விழுந்தது.

அதே இடத்தில், இம்மி பிசகாமல், சேவியோவின் குரல் எழுந்தது.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இருபத்துநாலு வருடம் அந்த நாற்பத்தெட்டு விநாடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்கு, அதில் இல்லாதது கடவுள் அல்ல, ட்ரம்ஸ்தான் என்று தெரியவில்லை.

அழுகையை அடக்கப் பார்த்து, அடங்காமல், கைக்குட்டையைத் தேடினார். இல்லை. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

“மெஷின் இருந்துச்சே மாஸ்டர். இதுக்கும் போட்டிருக்கலாமே.”

“சவுண்ட் இன்ஜினியரும் அதத்தான் கேட்டாரு. இங்க என்னப்பா காலியா கெடக்கு, மெஷினை விடட்டுமான்னாரு. வேண்டாம் சார், இது எங்க ட்ரம்மரோடதுன்னான். ட்ரம்மர் எங்கேன்னாரு. ஊருக்குப் போயிருக்கான்னான்.”

“ஊருக்குப் போயிருக்கான்னா?”

“அவ்வளவுதான் சொன்னான். பொட்டியத் தூக்கிட்டுப் போய் பத்து நாள் ஆச்சு, ஒரு கடுதாசி இல்ல. இவன் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்றான். அப்புறம் மைக் முன்னாடி நின்னு செருப்புக் காலால தட்டிக்கிட்டே இருந்தான். முப்பத்திரண்டு சுத்து. பின்னாடி நீங்க வந்து வாசிக்கறப்ப அளவு மாறக்கூடாதாம்.”

“அப்போ அந்தக் காலடி...”

“அவனோட ரப்பர் செருப்பு.”

மாறன் சிரித்தார். சிரித்தது மறுபடி அழுகையாகிவிட்டது.

“கேசட் வந்தப்புறம் கடைக்காரங்க பாதியத் திருப்பி அனுப்பிட்டாங்க. நடுவுல சத்தம் வரல, டேப் ரிப்பேருன்னு. அப்பக்கூட அவன் கேக்கல. இருக்கட்டும், வருவான்னான்.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே. ஒரு வருஷமா உங்க முன்னாடிதான உக்காந்திருக்கேன்.”

“நீங்க அர்த்தம் சொன்னீங்க மாறண்ணா. கேக்கல.”

மாறன் மடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கீழே தரையில் வைத்தார். முகம் தெளிந்திருந்தது. ஆவலோடு கேட்டார்.

“அப்ப அந்த ஏணி... அது நான் இல்லதான மாஸ்டர்?”

“நீங்கதான். அதுல சந்தேகமே வேண்டாம். எடுத்துப் போனவனேங்கற எடத்துல முதல்ல உங்க பேரையே போட்டிருந்தான். எண்ணிக்கையில உக்காரலன்னு எடுத்துட்டான்.”

மாறனின் முகம் விழுந்தது.

“இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. பொம்பளப் பிள்ள நிக்கறேன்னு எனக்காக வெட்டினான். அவ்வளவு கோபம். பாடிட்டு வெளிய வந்து செவுத்துல சாஞ்சு அழுதான்.”

“இதுவும் நெஜம், அதுவும் நெஜம்னா, நான் எதை எடுத்துக்கறதுங்க?”

“வரிசை என்ன?”

“என்ன வரிசை?”

“பாட்டுல எது முதல்ல வருது, எது பின்னாடி வருது?”

மாறன் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. திட்டு முதலில். இடம் பின்னால். சேவியோ கத்தித் தீர்த்துவிட்டு, அதன் பிறகுதான் அந்த நாற்பத்தெட்டு விநாடியை விட்டிருந்தான்.

மாஸ்டர் எழுந்து போய் ட்ரம்ஸ் மேல் கிடந்த பழைய போர்வையை எடுத்தார். ஸ்டூலைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து நீட்டினார்.

“கை வராதுங்க மாஸ்டர். இருபத்துநாலு வருஷம். அதனாலதானே உங்ககிட்ட பேஸ் கத்துக்க வந்தேன்.”

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கவில்லை.

மாறன் போய் உட்கார்ந்தார். கால் பெடலைத் தேடியது. பாட்டு ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொடங்கியது. ஏணி வரிகளை இந்த முறை அவர் தலை குனியாமல் கேட்டார். அவனுடைய கோபம் முழுவதையும் கேட்டார். ஓசை நின்றதும் குச்சியை இறக்கினார்.

நன்றாக இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், பாதி இடங்களில் கை சிக்கியது. ஒரு குச்சி நழுவப் பார்த்தது. மணிக்கட்டு எரிந்தது. ஆனால் இருபதாவது சுற்றுக்கு மேல் பழைய ஆள் கொஞ்சம் எட்டிப் பார்த்தான். முட்டை அட்டைச் சுவர்கள் அதிர்ந்தன. மாறன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார், ஏறினார், நிறுத்தினார், மூச்சு விட்டார், ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

குரல் வரவில்லை. பதற்றத்தில் வேகமாகப் போயிருந்தார். ஓசையே இல்லாமல் மூன்று விநாடி ஓடிய பிறகுதான் சேவியோ வந்தான்.

மாறன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

“மாஸ்டர், ஞாயித்துக்கிழமை நான் போலாங்களா?”

மாஸ்டர் பாட்டைப் பின்னால் தள்ளி வைத்தார்.

“மூணு விநாடி முன்னாடியே முடிச்சுட்டீங்க, மாறண்ணா. அவன் குரல் வர்ற வரைக்கும் இருக்கணும். எண்ணுங்க.”